எட்டடிப் பலகை

எழுபதைத் தாண்டிய ஒரு மனுஷன், காலையில் காப்பி குடித்த கையோடு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், வேப்ப மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, தரையை அங்குலம் அங்குலமாக அளந்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் மதில் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“என்ன ஸார், போர் போடப் போகிறீர்களா?” என்றார்.

“இல்லை. சறுக்குமரம் போடப் போகிறேன்.”

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சறுக்குமரத்துக்கும் எனக்கும் இடையே ஒரு பழைய வழக்கு உண்டு. அதைச் சொல்லாமல் இந்தச் சரித்திரத்தை ஆரம்பிப்பது சரியல்ல.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு, என் பேத்திக்கு ஒன்றே முக்கால் வயது. ஒரு நாள் மாலை அவளைப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே இருந்த சறுக்குமரத்தைக் கையைக் காட்டிக் காட்டிக் குதித்தாள். தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. விழுந்துவிட்டால்? ஆகவே, அவளைத் தூக்கிக்கொண்டு நானே படியேறினேன். மடியில் உட்கார வைத்து, இரண்டு கைகளாலும் இறுகக் கட்டிக்கொண்டு, வழுக்கினேன். பாதி வழியில் அவளுடைய ரப்பர் ஷூ பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டது. கால் நின்றது, நான் நிற்கவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். “மடியில் வைத்துக்கொண்டு சறுக்கினீர்களா?” என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறுக்கிக்கொண்டு விரிசல் விட்டிருந்தது.

“தனியாக விட்டிருந்தால், கால் மாட்டிக்கொண்டதும் குழந்தை நின்று போயிருக்கும். பத்துப் பதினோரு கிலோவை அந்தக் கால் தாங்கும். உங்களுடைய எழுபத்தைந்து கிலோ பின்னாலிருந்து தள்ளினால் அது என்ன செய்யும்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மாவுக்கட்டு பல வாரங்கள் இருந்தது. என் மகள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லி ஆறியிருப்பேன். கட்டிலில் கிடந்த குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சறுக்குமரம் என்ற இந்தச் சனியனை முதன்முதலில் செய்த புண்ணியவான் யார் என்று தேட ஆரம்பித்தேன். யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். படிக்கப் படிக்க அந்த எண்ணம் மாறியது என்பதை முன்கூட்டியே சொல்லி விடுகிறேன்.

முதலில், ‘முதன்முதலில்’ என்பதே கிடையாது. சரிவு இருந்த இடத்தில் எல்லாம் குழந்தை சறுக்கியிருக்கிறது. மாமல்லபுரத்துக்குப் போனவர்கள் கிருஷ்ணனுடைய வெண்ணெய்ப் பந்தைப் பார்த்து, “இது ஏன் உருளவில்லை?” என்று அதிசயப்பட்டுவிட்டு வருகிறார்கள். பந்துக்குப் பக்கத்துப் பாறைச் சரிவில் உருளுகிறவர்களை அவர்கள் கவனிப்பதில்லை. எந்த நாளில் போனாலும் அங்கே பிள்ளைகள் வழுக்கிக்கொண்டிருப்பார்கள். பாறை கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அதை இழைத்தது எந்தச் சிற்பியின் உளியும் அல்ல; தலைமுறை தலைமுறையாகக் கிழிந்த நிஜார்கள்தான். பள்ளிக்கூடத்தில் படித்தபோது நானும் என் பங்கு வேலையைச் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

பாறை கிடைக்காத தேசத்தில் பனி இருந்தது. ரஷ்யாவில் குளிர் காலத்தில் மரத்தால் உயரமான சாரம் கட்டி, அதன்மேல் தண்ணீரை ஊற்றி உறைய வைத்து, அந்தப் பனி மலையிலிருந்து சறுக்கி விளையாடுவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் ஏழை, பணக்காரன் எல்லாருக்கும் இது பைத்தியமாக இருந்தது. மகாராணி காதரீனுக்குக் குளிர் காலம் மட்டும் போதவில்லை. ஓரானியன்பவும் என்ற ஊரில் இருந்த அரண்மனைத் தோட்டத்தில், கோடையிலும் சறுக்குவதற்காக, அரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளமான மரச் சரிவு ஒன்று கட்டப்பட்டது. சக்கரம் வைத்த சிறு வண்டிகளில் உட்கார்ந்து இறங்குவார்கள். ரினால்டி என்ற இத்தாலியச் சிற்பி அதன் தலைமாட்டில் 1762-க்கும் 1774-க்கும் இடையே கட்டிய நீல வர்ண மாளிகை இன்றும் இருக்கிறது. சரிவைத்தான் காணோம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்துவிட்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கேளிக்கை பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தது. ‘ரஷ்ய மலை’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். பொருட்காட்சியில் நாம் அலறிக்கொண்டு போகிறோமே, அந்த ராட்சத ரயிலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘ரஷ்ய மலை’ என்றுதான் சொல்லுகிறார்கள். ரஷ்யர்களோ அதையே ‘அமெரிக்க மலை’ என்கிறார்கள். தலை சுற்ற வைக்கும் சாமானை யாரும் தம்முடையது என்று ஒப்புக்கொள்வதில்லை போலும்!

இந்த ராஜாங்கச் சறுக்கல்களில் என் மனத்தைத் தொட்டது ஒன்றே ஒன்றுதான். ஜார்ஸ்கோயே செலோவில் உள்ள அலெக்ஸாந்தர் அரண்மனையில், ஒரு பெரிய கூடத்துக்குள்ளேயே, பளபளவென்று இழைத்த மரச் சறுக்கு ஒன்று இருந்தது. முதலாம் நிக்கலஸ் சக்கரவர்த்தியின் குழந்தைகளுக்காகச் செய்தது அது. அதற்கப்புறம் வந்த தலைமுறைகளின் குழந்தைகளும் அதில் விளையாடினார்கள். 1918-இல் பெற்றோருடன் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அந்தக் கடைசி ஜாரின் ஐந்து குழந்தைகள், அவர்களும் வளர்ந்தது அந்த வீட்டில்தான். வீட்டுக்குள் சறுக்குமரம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கூடம். ஞாபகம் வந்ததும் வேறு ஏதாவது யோசிக்கத் தோன்றும்.

அரண்மனைக் குழந்தைகள் இருக்கட்டும். தெருக் குழந்தைகளுக்கு என்ன இருந்தது? தெருவே இருந்தது. வண்டியும் டிராமும் ஓடுகிற தெரு. ஊருக்கு ஊர் தொழிற்சாலைகள் முளைத்து, வீட்டுக்கு வீடு இடைவெளி இல்லாமல் போன பிறகு, குழந்தைகள் விளையாட இடம் வேண்டும் என்று சில நல்லவர்கள் குரல் எழுப்பினார்கள். நியூயார்க்கில் ஸீவர்ட் பார்க் என்ற இடத்தில் நகரசபையே நிரந்தரமாக ஒரு விளையாட்டு மைதானத்தை 1903-இல் திறந்தது. 1910-ஐ ஒட்டிய புகைப்படங்களில், அமெரிக்க மைதானங்களில் உயரமான இரும்புச் சட்டங்களும், ஏணிகளும், சறுக்குமரங்களும் நிற்பதைக் காணலாம். பிள்ளைகளை ஒழுங்குபடுத்த அங்கே உபாத்தியாயர்கள் மாதிரி மேற்பார்வையாளர்களும் இருந்தார்கள். எப்போது ஊஞ்சல், எப்போது தேகப் பயிற்சி என்பதெல்லாம் கணக்கு. விளையாட்டிலும் பள்ளிக்கூடம்!

இங்கேதான் என் கதாநாயகர் வருகிறார்.

சார்ல்ஸ் விக்ஸ்டீட் என்பது அவர் பெயர். 1847-இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். அண்ணன் பிலிப் விக்ஸ்டீட் பொருளாதார சாஸ்திரத்திலும் மகாகவி தாந்தேயின் காவியத்திலும் கரை கண்ட பண்டிதர். தம்பிக்குப் புத்தகம் ஓடவில்லை, யந்திரம் ஓடிற்று. நீராவிக் கலப்பைகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராக நிலம் உழுது கொடுக்கும் தொழிலில் இறங்கினார். பிறகு கெட்டரிங் என்ற ஊரில் பட்டறை போட்டார். பூட்ஸ் தைக்கிற தொழிலுக்குப் பெயர் போன சாதாரண ஊர் அது. அந்தப் பட்டறையில் இரும்பு அறுக்கும் வாள்கள், பல் சக்கரப் பெட்டிகள் என்று என்னென்னவோ செய்தார்.

கையில் பணம் சேர்ந்ததும், ஊருக்கு வெளியே நிலம் வாங்கித் தொழிலாளிகளுக்குத் தோட்டத்தோடு கூடிய வீடுகள் கட்டித் தர வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1916-இல் அதற்காக ஒரு தர்ம ஸ்தாபனமும் ஏற்படுத்தினார். அதற்குள் யுத்தம் குறுக்கே வந்தது. யுத்தம் முடிந்த பிறகு ஊராட்சிகளே வீடு கட்டிக் கொடுக்கத் தொடங்கிவிட்டன. ஆகவே அவர் நிலத்தைப் பூங்காவாக்கினார். ஓடையை மறித்து ஏரி வெட்டினார். 1921-இல் பூங்கா திறந்தது.

கவனியுங்கள்: அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு.

அவர் குழந்தைகளுக்காக மைதானம் அமைக்க வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்யவில்லை. அது தற்செயலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக் குழந்தைகள் ஒரு நாள் உல்லாசமாக அங்கே வருவதாக இருந்தது. அவர்களுக்காக மரக் கழிகளை மேலே சேர்த்துக் கட்டிச் சங்கிலி தொங்கவிட்டு, அவசரத்துக்கு ஊஞ்சல் போட்டார். விசேஷம் முடிந்ததும் பந்தலைப் பிரிக்கிற மாதிரி பிரித்துவிட வேண்டியதுதான். ஆனால் குழந்தைகள் பட்ட சந்தோஷத்தைப் பார்த்தபின் அவருக்குப் பிரிக்க மனம் வரவில்லை. உலகத்தில் எத்தனையோ பெரிய காரியங்கள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. யாரோ எதையோ பிரிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

யுத்தத்துக்குப் பிறகு பட்டறையில் பழைய வேலைகள் குறைந்திருந்தன. ஆட்களும் யந்திரங்களும் இருந்தார்கள். கிழவர் இரும்புக் குழாய்களை வளைத்து ஊஞ்சல் செய்யச் சொன்னார். மரப் பலகைகளைச் சேர்த்து நீளமான சரிவு ஒன்றும் செய்தார். 1920-களின் தொடக்கத்தில் நின்ற அந்தச் சறுக்குமரத்தின் புகைப்படம் இருக்கிறது. உலகத்தின் முதல் சறுக்குமரம் அதுதான் என்று பத்திரிகைகளில்கூட எழுதினார்கள். அமெரிக்கப் படங்களைப் பார்த்த நாம் அதை ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் அதை ஒரு தொழிலாகவே எடுத்துக்கொண்டு, ஊர் ஊருக்கு அனுப்பி, சின்ன ஊர்களுக்குக்கூட இது இருக்க வேண்டும் என்று செய்தவர் விக்ஸ்டீட்தான். அதற்கு அவர் பட்டறை இன்றும் சாட்சி. நூறு வருஷத்துக்கு மேலாக விளையாட்டுச் சாமான்கள் செய்துகொண்டிருக்கிறது.

கிழவருக்குச் சில பிடிவாதங்கள். மைதானத்தை ஞாயிற்றுக்கிழமை பூட்டக் கூடாது என்பது ஒன்று. ஓய்வு நாளில் ஊஞ்சலைச் சங்கிலி போட்டுக் கட்டி வைக்கிற காலம் அது! வாரம் முழுவதும் பட்டறையில் வேலை செய்கிறவனுக்கு இருக்கிற ஒரே நாள் அதுதானே என்பது அவர் கட்சி. பூங்காவுக்கு வரும் கூட்டத்துக்குச் சீக்கிரம் சிற்றுண்டி கொடுக்க, ரொட்டியை அறுத்து வெண்ணெய் தடவும் யந்திரம் ஒன்றைத் தாமே கண்டுபிடித்தார். அவருடைய நாய் ஜெர்ரி 1928-இல் காணாமல் போயிற்று. அதற்குப் பூங்காவில் சிலை வைத்தார். குழந்தைகள் மட்டும் சறுக்கினால் போதுமா என்று, 1926-இல், பெரியவர்களும் படகோடு சரிவில் இறங்கி ஏரியில் ‘தொப்’பென்று விழுகிற நீர்ச் சறுக்கு ஒன்றை அமைத்தார். அது பாதுகாக்கப்பட வேண்டிய புராதனச் சின்னங்களின் பட்டியலில் இருக்கிறது. 1931-இல் அவர் காலமானார்.

நான் திட்டுவதற்காகத் தேடிய மனிதர் இவர். எப்படித் திட்டுவது?

அவர் காலத்துச் சறுக்குமரங்களைப் படத்தில் பார்த்தால் இன்றைய தாய்மார்களுக்கு மயக்கம் வரும். உயரம் அதிகம், கைப்பிடி குறைவு, கீழே கெட்டித் தரை. குழந்தைகள் விழத்தான் செய்தார்கள். அமெரிக்காவில் தாரும் சிமெண்டும் போட்ட தரையில் விழுந்தவர்களின் எண்ணிக்கை பெருகிய பிறகு, 1981-இல் அரசாங்கமே பாதுகாப்புக்கு ஒரு கையேடு வெளியிட்டது. இன்றைக்கு அந்த விதிகளின்படி, நேரான சறுக்குமரத்தின் சராசரிச் சரிவு முப்பது பாகைக்கு மேல் போகக் கூடாது. கடைசியில் சிறிது தூரம் தட்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் வேகம் தணிந்து குழந்தை காலூன்றும். கீழே மெத்தென்ற தரை வேண்டும். இவற்றில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். கெட்டித் தரையில் விழுந்த மண்டைகளைக் கண்டு எழுதிய விதிகள் அவை.

ஆனால் விதி எழுதியவர்களும் வெகு காலம் கவனிக்காத ஒரு விஷயம் இருந்தது. 2009-இல், நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில் எலும்பு வைத்தியம் செய்கிறவர்கள், கால் உடைந்து வந்த குழந்தைகளின் கணக்கைப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சறுக்குமரத்தில் கீழ்க்கால் எலும்பை முறித்துக்கொண்ட அந்தச் சின்னஞ் சிறுசுகள் தனியாக வழுக்கியவர்கள் அல்ல. பெரியவர் மடியில் பத்திரமாக உட்கார்ந்து வந்தவர்கள். அந்தச் செய்தியை நான் படித்தபோது என் பேத்தி மாவுக்கட்டின்மேல் வர்ணப் பென்ஸிலால் பூனை வரைந்துகொண்டிருந்தாள்.

இன்னொரு மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஸாமு நொகுச்சி என்ற சிற்பி. தகப்பனார் ஜப்பானியக் கவி, தாயார் அமெரிக்கர். 1933-இல் இவர் நியூயார்க்கின் ஒரு தெருக்கட்டம் முழுவதையும் படிகளும் சரிவுகளுமான ஒரு விளையாட்டு மலையாக்க வேண்டும் என்று மாதிரி செய்து, பூங்காக்களுக்கு அதிகாரியாக இருந்த ராபர்ட் மோஸஸிடம் கொண்டு போனார். அவர் சிரித்து அனுப்பிவிட்டார். நொகுச்சி விடவில்லை. பின்னால் இந்தியாவுக்கு வந்தார். ராஜா ஜெய்சிங் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய ஜந்தர் மந்தர் வான ஆராய்ச்சிக் கூடங்களைப் பார்த்தார். ஜெய்ப்பூரில் சுமார் 90 அடி உயரத்தில் சரிந்து நிற்கிறதே சூரிய கடிகாரம், அது நமக்கெல்லாம் நேரம் காட்டும். அவருக்குச் சறுக்குமரம் காட்டிற்று! 1986-இல் வெனிஸ் நகரத்துக் கண்காட்சியில் அவர் வைத்த வெள்ளைச் சலவைக்கல் சிற்பம் ஒரு சறுக்குமரம். உள்ளே படியேறி வெளியே வழுக்கலாம். இப்போது அது அமெரிக்காவில் மியாமி நகரத்துப் பூங்காவில் இருக்கிறது. அதன் கறுப்புக் கல் தம்பி, அவர் காலமான பிறகு 1992-இல், ஜப்பானில் ஸப்போரோ நகரத்தில் நிறுவப்பட்டது. சிரித்து அனுப்பப்பட்டதிலிருந்து கணக்குப் போட்டால், ஐம்பது வருஷத்துக்கும் மேல் ஒரு மனிதர் ஒரு சரிவை மனத்தில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இவ்வளவையும் படித்தவன் தோட்டத்தில் தரையை அளக்காமல் வேறென்ன செய்வான்?

மாப்பிள்ளை கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் சறுக்குமரம். நாளைக்கே வீட்டு வாசலில் வந்து இறங்கிவிடுமாம். உயரம் இரண்டரை அடி. நாலு வயது நடக்கிற குழந்தை அதில் ஏறி இறங்குவதற்குள் அடுத்த பிறந்த நாள் வந்துவிடும். இரும்புத் தகடு வேண்டாம் என்பது என் தீர்மானம். நம்மூர் வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தோசை வார்க்கலாம். சிமெண்டு யானையின் முதுகு எனக்குப் பிடிக்கும். ஆனால் பூங்காவுக்குத்தான் அது சரி. வீட்டுக்கு யானை கட்டுப்படியாகாது. மரம்தான்.

ஆசாரி வந்தார். கணக்கு என்னிடம் தயாராக இருந்தது. நாலடி உயரம், தரையில் ஏழடி நீளம். அப்படி வைத்தால் சரிவு முப்பது பாகைக்குக் கொஞ்சம் குறைவு. பலகையின் நீளம் ஏறக்குறைய எட்டடி. அவர் ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்துப் பார்த்துவிட்டு, “எட்டடிப் பலகைதான், ஐயா. வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம்” என்றார். பத்தாங் கிளாஸில் எனக்குப் பிடிபடாத பிதாகோரஸ் அவருடைய குச்சியில் இருந்தார்.

பலகையை இழைக்கும்போது அவர் ஒரு பாடம் சொன்னார். “இழைப்புளி எந்தப் பக்கம் ஓடுதோ, அந்தப் பக்கமாத்தான் பிள்ளை இறங்கணும். மாத்திப் போட்டா சிராய் ஏத்தும்.” விக்ஸ்டீட் கிழவர் இருந்தால் இவரைப் பட்டறையில் சேர்த்துக்கொண்டிருப்பார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திருகாணித் தலைகளை மரத்துக்குள் புதைத்து, மெழுகு பூசினார். கீழே ஒன்பது அங்குலத்துக்கு மேல் ஆழமாகக் குழி வெட்டினோம். ஆற்று மணல் விற்கிற விலையில் அதை நினைக்கவே முடியாது. தேங்காய் மட்டைத் துண்டுகளைக் கொட்டி நிரப்பினோம்.

“அகலம் எவ்வளவு, ஐயா? ஒண்ணரை அடி வச்சிரலாமா?”

“ஓரடி இரண்டு அங்குலம்.”

“குறுகலா இருக்குமே? நீங்க பேத்தியோட உக்கார வேண்டாமா?”

“வேண்டாம். எனக்கு இடம் இருக்கக் கூடாது. அதற்குத்தான்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, ஒன்றும் கேட்காமல், பென்ஸிலைக் காதிலிருந்து எடுத்து ஓரடி இரண்டு அங்குலத்துக்குக் கோடு போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சறுக்குமரம் தயாராயிற்று. விக்ஸ்டீடுக்கு ஞாயிற்றுக்கிழமை உகந்தது என்பதால் நானே அந்த நாளைச் சொல்லியிருந்தேன். மகள் துடைப்பத்தை வைத்துக்கொண்டு துளசி மாடத்தருகே நின்றாள். அங்கே பெருக்க ஒன்றும் இல்லை. நான் சறுக்குமரத்தின் பக்கத்தில் நின்றேன். கைகள் தாமாகவே முன்னால் நீண்டன. அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பேத்தி செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். ஒரு கையில் துணிப் பொம்மை. மேலே போய் உட்கார்ந்து கீழே பார்த்தாள். நாலடி என்பது அங்கிருந்து பார்க்க எவ்வளவோ!

“தாத்தா, பொம்மையை மடியில வச்சுக்கட்டுமா?”

“வேண்டாம்மா. அது தனியா வரட்டும்.”

பொம்மையை முதலில் விட்டாள். அது பாதி தூரம் ஒழுங்காக வந்து, அப்புறம் தலைகீழாகப் புரண்டு, தேங்காய் மட்டையில் முகம் குப்புற விழுந்தது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். எழுந்து அழுகிறதா என்று பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு இரண்டு பக்கப் பலகைகளையும் பிடித்துக்கொண்டு, “தள்ளிக்கோ தாத்தா” என்றாள்.

தள்ளிக்கொண்டேன்.